நான்கு மீட்டர்

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுபத்தாறு வயதில் ஒருவரால் கையூன்றாமல் ஐந்து முறை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார முடியவில்லை என்றால், அது வயதின் வேலையா, கூட இருக்கிறவர்களின் வேலையா? இன்று காலை இர்ஷாத் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாது.

இர்ஷாத் சமூக மருத்துவத் துறையில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதற்கேற்ற உற்சாகம். எங்கள் மருத்துவக் கல்லூரியில் இன்று தொடங்கிய முதுமை ஆய்வு அவருடையது. அறுபத்தெட்டு வயது தாண்டிய நூற்றிருபது பேர். பாதிப் பேருக்குப் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி வகுப்பு. மீதிப் பேருக்கு மாதம் ஒரு சொற்பொழிவும் ஒரு கையேடும். ஆயுளை நீட்டுவது பற்றி அவர் பேசும்போதெல்லாம் நான் திருத்துகிறேன். நாங்கள் பார்ப்பது ஒருவர் எத்தனை ஆண்டு இருப்பார் என்பதை அல்ல. எத்தனை ஆண்டு யார் துணையும் இல்லாமல் கடைக்குப் போய்வருவார் என்பதை. அதுவும் பன்னிரண்டு வாரத்தில் மாறும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் உடலியங்கியல் பாடம் நடத்துகிறவள். இதில் என் வேலை அளப்பது மட்டும். தாழ்வாரத் தரையில் இரண்டு மஞ்சள் பட்டைகள், நடுவே நான்கு மீட்டர். ஒவ்வொருவரும் இரண்டு முறை நடக்க வேண்டும், இரண்டில் குறைந்த நேரமே கணக்கு. ஐந்து விநாடிக்கு மேல் போனால் கவலைக்குரியவர்.

யார் எந்தக் குழு என்பது அளப்பவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அன்றைக்கே ஒரு படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அந்த ஆளை அளப்பதிலிருந்து விலகிவிட வேண்டும். விருப்பு வெறுப்பு விரலுக்கு இறங்கிவிடும் என்பதால் இந்த விதி. இதைக் கடுமையாக வைக்கச் சொன்னதே நான்தான்.

அப்பாவும் சேர்ந்திருக்கிறார். போன மாதம் வீட்டுக்குத் தேநீர் குடிக்க வந்த இர்ஷாத் அவரை நேரடியாகக் கேட்டுவிட்டார். மகள் என்பதால் அப்பாவை நான் அளக்கவில்லை, ஓர் இளம் டாக்டர் அளந்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். மூன்றாவது முறை எழும்போது அப்பா இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றிவிட்டார்.

ஆகஸ்ட் 7, புதன்

இன்று பதினாறு பேரை அளந்தேன். நினைவில் நின்றவர் ஒருவர்தான். எஸ்தர் ஜெயமணி, எழுபது வயது, பாளையங்கோட்டைக்காரர், தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. உப்பிலிபாளையத்தில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். நான்கு மீட்டருக்கு 4.6 விநாடி. நடந்து முடித்ததும், “நாலரைக்குக் கொஞ்சம் கூட, இல்லையா மேடம்?” என்றார். நேரத்தைச் சொல்லக் கூடாது என்பதால் சிரித்து வைத்தேன்.

அப்பாவுக்கு உடற்பயிற்சிக் குழு விழுந்திருக்கிறது. வீட்டிலேயே இருப்பதால் எனக்குத் தெரிந்தே ஆகும், பரவாயில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணி. கணுக்காலில் மணல் பை கட்டிக்கொண்டு காலைத் தூக்குவார்களாம். வழுக்கி விழுந்தால் யார் பார்ப்பது என்று இர்ஷாத்திடம் கேட்டேன். “நாங்க பாத்துக்கறோம் மேடம், நீங்க வகுப்புக்கு வரக் கூடாது” என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வீட்டு வேலை: அரிசி புடைத்தேன். அப்பாவின் மாத்திரைகளை வாரப் பெட்டியில் பிரித்து வைத்தேன். குளியலறைப் பிளாஸ்டிக் நாற்காலியின் ரப்பர் கால்களை மாற்றினேன்.

அம்மா போய் எட்டு வருடம். நான் ஹைதராபாத் ஆய்வகத்தை விட்டுவிட்டு வந்தபோது அப்பா சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். வந்த மூன்றாம் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கும். அதன்பின் கட்டிலைக் கீழே கொண்டுவந்தேன். மாடி அறையைப் பூட்டினேன். தட்டை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், எடுத்து வருகிறேன். உப்பு பாதி, ஊறுகாய் கிடையாது. அதற்குப்பின் அவர் ஒருமுறைகூட விழவில்லை.

“மாத்திரை போட்டாச்சுங்களா அப்பா?”

“ஆச்சு கண்ணு.”

எங்கள் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். குறையாகச் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

அப்பா கான்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறார். நீல நிறம். யாரோ கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

செப்டம்பர் 13, வெள்ளி

யார் என்று தெரிந்துவிட்டது.

காலையில் வகுப்பு முடிந்து வந்தவர் பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். எலுமிச்சை ஊறுகாய்.

“இது எங்கிருந்துங்கப்பா?”

“நம்ம குரூப்புல எஸ்தர் மேடம்னு ஒருத்தங்க. திருநெல்வேலிப் பக்கம். நல்லாப் பேசுவாங்க. முப்பது வருசம் போன்லயே பேசினவங்களாச்சே.” தானே சொல்லித் தானே சிரித்தார். “மூணு நிமிசம் ஆனா கட் பண்ற ஆளுங்க கண்ணு. இன்னிக்கு என்னையும் கட் பண்ணிட்டாங்க. ‘சார், மூணு நிமிஷம் ஆச்சு, அடுத்தவங்களுக்கு லைன் விடுங்க’ன்னு. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

நம்ம குரூப்பு.

ஊறுகாயில் எவ்வளவு உப்பு இருக்கும் என்று சொன்னேன். “ஒரு துண்டுதான” என்று சொல்லி இரண்டு துண்டு போட்டுக்கொண்டார். மதியம் இரத்த அழுத்தம் பார்த்தேன். 132/80. கருவியில் கோளாறோ என்று இன்னொரு முறை பார்த்தேன். 130/80.

எஸ்தர் ஜெயமணி எந்தக் குழு என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. படிவம் கொடுக்க வேண்டும். நாளைக்குக் கொடுக்கலாம்.

செப்டம்பர் 19, வியாழன்

படிவம் கொடுக்கவில்லை. கொடுத்தால் இர்ஷாத், “எப்படித் தெரிஞ்சது மேடம்?” என்பார். அப்பாவின் நட்பைப் பற்றி அவரிடம் பேச வேண்டியிருக்கும். நூற்றிருபது பேரில் ஒருவரைப் பற்றித் தெரிந்ததால் என்ன ஆகிவிடப்போகிறது. ஸ்டாப்வாட்ச் யாருடைய சொந்தக்காரரும் இல்லை.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. பத்து மணிக்குத் திரும்பிப் பார்த்தால் அப்பா நாற்காலியில் இல்லை. குளியலறையில் இல்லை. வாசலில் இல்லை. மேலே சத்தம் கேட்டது. மாடி அறையைத் திறந்து தன் பழைய கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்தவர். அந்தப் பெட்டி நான்கு கிலோவாவது இருக்கும். கைப்பிடிச் சுவரைத் தொடவே இல்லை.

“எங்கீங்கப்பா இதத் தூக்கிட்டு?”

“எஸ்தர் மேடம் வீட்டு மிக்ஸி ஓடலையாம். புது மிக்ஸி வாங்கச் சொல்லி மகன் பணம் அனுப்பறேன்னானாம். நான் பாத்துட்டுச் சொல்றேன், வாங்காதீங்கன்னுட்டேன்.”

“மூணு மாடி ஏறணுங்க.”

“தெரியும். போன வாரம் ஏறினேன்.”

போன வாரம் என்னிடம் நூலகம் போவதாகச் சொல்லியிருந்தார்.

எங்கள் கூடத்து மின்விசிறி நான்கு வருடமாகக் கிறீச்சிடுகிறது. அதன் கீழேதான் அவருடைய நாற்காலி. ஒருநாளும் அவர் தலைநிமிர்ந்து அதைப் பார்த்ததில்லை.

அவர் போனபிறகு கூடத்து நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்கார்ந்தேன். 13.1 விநாடி. முழங்கால் சொடுக்கியது. எனக்கு நாற்பத்தொன்பது வயது.

அக்டோபர் 14, திங்கள்

அப்பா தலைக்குச் சாயம் பூசியிருக்கிறார். காதோரம் நெற்றியில் கறை. துடைக்கச் சொன்னேன். துடைத்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குமுன் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன், ஒட்டுக் கேட்கவில்லை. ஏதோ மில் கதை. 1981-இல் பாய்லர் அறையில் பாம்பு வந்த கதை. நான் அவருடைய ஒரே மகள். அந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

“யார்கூடப் பேசினீங்க?”

“சும்மா.”

“பாம்பு வந்துச்சாப்பா மில்லுல?”

“அது ஆச்சு நாப்பது வருசம். மாத்திரையக் குடு கண்ணு.”

அக்டோபர் 28, திங்கள்

பன்னிரண்டு வாரம் முடிந்தது. விரும்புகிறவர்களுக்கு வகுப்பு மார்ச் வரை தொடரும், அப்போது இன்னொரு முறை அளப்பார்கள். இன்று இரண்டாம் அளவீடு தொடங்கியது. அப்பாவை அந்த இளம் டாக்டர் அளந்தார். ஐந்து முறை எழுந்து உட்கார 11.7 விநாடி. இர்ஷாத் தாழ்வாரத்தில் ஓடிவந்து எனக்குச் சொன்னார். முறைப்படி அவர் சொல்லியிருக்கக் கூடாது.

அக்டோபர் 29, செவ்வாய்

இருபத்திரண்டு பேரை அளந்தேன். வெளியே நல்ல மழை, தரை ஈரம். தீபாவளி நெருங்குவதால் எல்லோருக்கும் அவசரம்.

எஸ்தர் ஜெயமணி பதினொன்றரைக்கு வந்தார். இளநீலப் பருத்திப் புடவை. என்னைப் பார்த்ததும், “மாணிக்கம் சார் மகளா நீங்க! இத்தன நாள் தெரியாமப் போச்சே. அப்பா உங்களப் பத்தியே பேசுவார்” என்றார். என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை. அளவீட்டின்போது சொந்தப் பேச்சு கூடாது.

முதல் முறை நடக்கும்போது துப்புரவுப் பணியாளர் வாளியோடு குறுக்கே வந்துவிட்டார். எஸ்தர் நின்று வழிவிட்டு நடந்தார். 5.3. இரண்டாம் முறை பொத்தானை நான் சரியான நேரத்தில் அழுத்தினேனா என்பதில் எனக்கு ஐயம் இருந்தது. ஐயமுள்ள எண்ணை எழுதக் கூடாது. அதனால் இரண்டாம் கட்டத்தில் ‘அளவீடு இல்லை’ என்று எழுதினேன். மூன்றாம் முறை நடக்க வைத்திருக்கலாம். அவர் களைத்திருந்ததுபோல் தெரிந்தது, வெளியே ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

மாலை தீபாவளி மாவு அரைக்க ஆலைக்குப் போனேன். கூட்டம். ஒரு மணி நேரம் நின்றேன்.

நவம்பர் 1, வெள்ளி

நேற்று தீபாவளி. அப்பா மத்தாப்புக்கூடக் கொளுத்தவில்லை. முறுக்கு நன்றாக வந்திருந்தது.

நவம்பர் 4, திங்கள்

ஐந்து விநாடியைத் தாண்டியவர்களின் பட்டியல் தயாராகி, இர்ஷாத் அலுவலகத்திலிருந்து குடும்பத்தாருக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். ஏழு பேர். மருத்துவர் முழுமையாகப் பார்க்கும்வரை அவர்கள் வகுப்புக்கு வரக் கூடாது. பாதுகாப்புக்காக. விதி அப்படி. மருத்துவரிடம் நாள் கிடைக்க மூன்று வாரம் ஆகுமாம்.

அப்பா வகுப்பிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். நீல ஷூவைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

“எஸ்தர் மேடத்த நிறுத்திட்டாங்க கண்ணு. நடை சரியில்லையாம். நேத்து எனக்கு முன்னால படியேறினவங்க அவங்க. நீங்க எப்படி அளக்கறீங்க?”

“ஸ்டாப்வாட்ச்சுல அளக்கறோம்ப்பா.”

“அது தெரியுது.”

நவம்பர் 8, வெள்ளி

அப்பா வகுப்புக்குப் போகவில்லை. கேட்டால் இடுப்பு வலி என்கிறார். தட்டை நாற்காலிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். பழையபடி வீட்டில் இருக்கிறார். நிம்மதியாக இருக்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

எஸ்தர் ஜெயமணியின் மகன் சாம்சன் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறார். உப்பிலிபாளையம் வீட்டைக் காலி செய்துவிட்டு மாதக் கடைசியில் அம்மாவைக் கூட்டிப்போகப் போகிறாராம். அதுவரை எஸ்தர் படியிறங்கக் கூடாதாம். அப்பா போனில் கேட்டதை எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, எட்டு வருடத்தில் முதல்முறையாக, என்னிடம் ஒன்று கேட்டார்.

“நீ ஒருக்கா வந்து அந்தப் பையன்கிட்டச் சொல்லு கண்ணு. நீ படிச்சவ, அதே ஆஸ்பத்திரி. நீ சொன்னாக் கேப்பான்.”

நவம்பர் 17, ஞாயிறு

போனோம். மூன்று மாடி. இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அப்பா நின்று காத்திருந்தார்.

பாதி வீடு அட்டைப் பெட்டிகளில் இருந்தது. எஸ்தர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாக வாங்கிய கைத்தடி, அதன்மேல் விலைச்சீட்டு இன்னும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் எழப் போனார்.

“உக்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்” என்று சாம்சன் ஓடிவந்தார். நல்ல மனிதர். ஓர் எண்ணைக் கேட்டுப் பயந்துபோயிருக்கிறார். அவரே காப்பி போட்டு, அம்மாவின் டம்ளரை அம்மாவின் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தார். குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்தியதாகச் சொன்னார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருக்கிறாராம். ரப்பர் கால் உள்ளதாகப் பார்த்து வாங்கினாராம்.

“பெங்களூர்ல எங்க வீடு கீழ்த்தளம் மேடம். அம்மா எதுக்கும் எழுந்திரிக்கவே வேண்டாம்.”

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டிய நேரம். ஒருமுறை எடுத்த அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், மறுபடி அளந்து பார்க்கலாம் என்று பொதுவாக ஏதோ சொன்னேன். “தப்பா அளந்திருக்க வாய்ப்பு இருக்கா மேடம்?” என்று சாம்சன் நேராகக் கேட்டார். “எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிழை இருக்கும்” என்றேன். பாடம் நடத்துகிறமாதிரி இருந்தது.

சாம்சன் பெட்டி கட்டுகிறவர்களோடு பேசக் கீழே போனார். அப்பா மிக்ஸியைப் பார்க்க அடுப்படிக்குள் போனார். எஸ்தர் காப்பி டம்ளரைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

“ரெண்டாந்தடவ நாலு விநாடிகூட ஆகல, மேடம்.”

நான் கைத்தடியின் விலைச்சீட்டைப் பார்த்தேன்.

“முப்பத்தொரு வருஷம் டிரங்க் போர்டுல இருந்தேன். கடிகாரம் பாக்காமலே மூணு நிமிஷம் எனக்குத் தெரியும். நடக்கும்போதும் எண்ணுவேன். பழக்கம், விட மாட்டேங்குது. நாலு ஆகுமுன்ன பட்டையத் தாண்டிட்டேன். நீங்க திரையப் பாத்தீங்க. பேனாவ எடுத்தீங்க. அப்புறம் என்னப் பாத்தீங்க.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“யாருட்ட? உங்க அப்பாட்டயா? மக மேல குறை சொல்ல நான் யாரு?” டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்தார். “நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மூணு வாரமா இருக்கேன்.”

அடுப்படியில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. நன்றாக ஓடியது.

நவம்பர் 18, திங்கள்

3.8. திரையில் 3.8 என்று இருந்தது. பொத்தானைச் சரியான நேரத்தில்தான் அழுத்தினேன்.

நவம்பர் 20, புதன்

ஒன்பது மணிக்கு இர்ஷாத் அறைக்குப் போனேன். எழுதியே கொண்டுபோனேன், இரண்டு பக்கம். செப்டம்பர் 13 அன்று குழு தெரிந்ததையும், படிவம் கொடுக்காததையும், அக்டோபர் 29 அன்று நடந்ததையும் வரிசையாக. காரணம் என்ற இடத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதியிருந்தேன்.

இரண்டு முறை படித்தார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, இன்றும் கோபப்படவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

“நீங்க அளந்த அத்தனை பேரையும் நான் மறுபடி அளக்கணும் மேடம். ஐம்பத்தெட்டுப் பேர்.”

“தெரியும்.”

“வேற யாருக்காவது…?”

“இல்ல. ஆனா நான் சொல்றத நீங்க நம்பணும்னு இல்ல.”

“நம்பறது இல்லன்னுதான் இந்த ஆய்வுக்கு விதியே வெச்சோம். நீங்க வெச்ச விதி.” சற்று நேரம் மஞ்சள் பட்டைச் சுருளை உருட்டிக்கொண்டிருந்தார். “நெறிமுறைக் குழுவுக்கு எழுதணும். நாளைக்குக் காலையில எஸ்தர் அம்மாவ நானே அளக்கறேன். மகனுக்கு நான் போன் பண்றேன். நீங்க பண்ண வேண்டாம்.”

சாவியையும் ஸ்டாப்வாட்சையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

மாலை அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

“அந்தம்மா நல்லாத்தான் நடந்தாங்கப்பா. நான்தான் எழுதல.”

பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுத்தார். மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“எதுக்கு?”

“தெரியலீங்கப்பா.”

“தெரியாம நீ ஒண்ணும் செய்ய மாட்ட.”

நான் ஏதோ சொல்ல வந்தேன். மிக்ஸி, பாம்பு, ஊறுகாய், நீல ஷூ, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன. வெளியே வந்தது ஒன்றுதான். “இந்த ஃபேன் நாலு வருசமாக் கத்துது. அவங்க மிக்ஸிய ஒரே நாள்ல செஞ்சு குடுத்தீங்க.”

எனக்கே கேவலமாக இருந்தது.

அப்பா தலைநிமிர்ந்து விசிறியைப் பார்த்தார். பிறகு என்னை.

“ஸ்டூலு மேல ஏறக் கூடாதுன்ன. மாடிக்குப் போகக் கூடாதுன்ன. தட்டத் தொடாதீங்கன்ன. நான் விழுந்த அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். சரி, புள்ள பயந்துபோச்சு, உக்காந்துருந்தா அதுக்கு நிம்மதின்னா உக்காந்துக்குவோம்னு உக்காந்தேன். எட்டு வருசம். எனக்கென்ன கால் இல்லையா?” குரல் உயரவே இல்லை. “அந்தம்மா உன்னைய என்ன பண்ணாங்க?”

சோற்றை முடிக்காமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். கையூன்றாமல் எழுந்தார்.

நாளை காலை எட்டு மணிக்கு அளவீடு. நான் அங்கே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

போனேன். தாழ்வாரத்துக்குள் வர எனக்கு அனுமதி இல்லை, வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்பா முந்தைய பஸ்ஸிலேயே தனியாக வந்திருந்தார். அவர் கதவருகே நின்றார். என் பக்கம் வரவில்லை.

எஸ்தர் கைத்தடியோடு வந்தார். சாம்சன் முழங்கையைப் பிடித்திருந்தார். பட்டை அருகே வந்ததும் தடியை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

இர்ஷாத் இரண்டு முறையும் அளந்து, இரண்டையும் சாம்சனிடம் காட்டினார். 4.9. 4.7. குறைந்தது 4.7. ஐந்துக்குள் இருக்கிறார். வகுப்புக்குத் திரும்பலாம்.

ஆகஸ்டில், எந்தப் பயிற்சியும் இல்லாமல் முதல்முதல் வந்தபோது 4.6. அக்டோபரில் 3.8. இரண்டரை வாரம் நாற்காலியில் உட்காரவைத்ததில் 4.7.

பெட்டிகளைப் பிரிப்பதாக சாம்சன் ஒப்புக்கொண்டார். மார்ச் மாதம் மறுபடி அளக்கும்போது பார்க்கலாம் என்றார். என்னைத் தாண்டி வண்டியை எடுக்கப் போனார். எஸ்தர் பெஞ்சுக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன்.

“சொல்லிட்டீங்க. சரி” என்றார். “இனிமே என்ன நீங்க அளக்காதீங்க.”

“சரிங்கம்மா.”

தடி இல்லாமல் வாசல்வரை நடந்தார். நடக்கும்போது உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டுதான் போனார்.

மாலை நான் வரும்போது கூடத்தில் ஸ்டூல் இருந்தது. மாடி அறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். கருவிப் பெட்டி திறந்திருந்தது. மெயினை அணைத்துவிட்டு ஸ்டூல்மேல் ஏறினார். ஸ்டூல் லேசாக ஆடியது.

“பிடிச்சுக்கட்டுங்களா?”

அவர் விசிறித் தண்டைப் பிடித்துக்கொண்டார். நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டேன். விசிறியின் மூடியைக் கழற்றி, உள்ளே துடைத்து, எண்ணெய் விட்டு, எதையோ திருகி, மறுபடி மூடினார். பதினேழு நிமிடம் ஆனது. ஒருமுறை வலது கால் நுனியில் எக்கி நின்றார். நான் எழவில்லை.

இறங்கிவந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“மெயினைப் போடு.”

நேற்றிலிருந்து என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. போய்ப் போட்டேன். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது.